பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஏன் ஆடுகிறது?

நான்குவழிச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். தூரத்தில் டோல்கேட் தெரிகிறது. பிரேக்கில் கால் வைக்கிறீர்கள். வேகம் 80-க்கு இறங்கும்போது ஸ்டியரிங் உங்கள் கைக்குள்ளேயே இடதும் வலதுமாகக் குலுங்க ஆரம்பிக்கிறது. 60-ல் கொஞ்சம் அடங்குகிறது. 30-ல் ‘தட் தட்’ என்று மெதுவாக விழுகிறது. வண்டி நின்றதும் ஒன்றுமே இல்லை. டோல் தாண்டி வேகம் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. மறுபடி பிரேக், மறுபடி ஆட்டம்.

இதைக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு சார், மாத்திடலாம்.” மாற்றினால் ஆட்டமும் நின்றுவிடும். ஆனால் நிறையப் பேருக்கு ஏழெட்டு மாதத்தில் அதே ஆட்டம் திரும்பி வந்துவிடுகிறது. அது ஏன் திரும்பி வருகிறது என்று தெரிந்துகொண்டால், முதலில் ஏன் வந்தது என்பதும் விளங்கிவிடும். கார் ஓட்ட மட்டும் தெரிந்தவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் கேள்வி: பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடுகிறதா, சும்மா ஓடும்போதும் ஆடுகிறதா? 80, 90 தாண்டினால் பிரேக்கைத் தொடாமலேயே ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் அது வேறு கதை. வீல் பேலன்சிங் போயிருக்கலாம், பள்ளத்தில் விழுந்து ரிம் நெளிந்திருக்கலாம், டயரில் வீக்கம் கண்டிருக்கலாம். பிரேக்கில் மட்டும் ஆடுகிற காருக்குப் பேலன்சிங் செய்து பணம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். அலைன்மென்ட்டும் அப்படித்தான். அலைன்மென்ட் கோளாறு காரை ஒரு பக்கம் இழுக்கும், டயரை ஒரு ஓரமாகத் தேய்க்கும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் குலுக்காது. காலை எடுத்ததும் ஆட்டம் நிற்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நின்றால் பிரேக் பக்கம் தேடலாம்.

சரி, பிரேக் பிடிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

முன் சக்கரத்தின் உள்ளே வார்ப்பிரும்பால் ஆன வட்டத் தட்டு ஒன்று சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். ரோட்டார் என்றும் சொல்வார்கள். டிஸ்க்கின் ஓரத்தைக் கவ்வியபடி காலிப்பர் உட்கார்ந்திருக்கும். அதற்குள் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட், அதாவது உரசிப் பிடிக்கும் கட்டை. நீங்கள் பெடலை அழுத்தினால் பிரேக் ஆயில் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேட்டைத் தள்ளும், இரண்டு பேட்டும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும். ஓடும் சைக்கிளின் ரிம்மை இரண்டு பக்கமும் கட்டைகள் கவ்வுவதை நினைத்துக்கொண்டால் போதும்.

இந்தப் பிடி ஒரே சீராக இருக்க வேண்டுமென்றால் டிஸ்க் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கொஞ்சம் தடித்திருந்தால், அந்த இடம் பேட்டுகளுக்கு நடுவே வரும்போது பிடி இறுகும். மெலிந்த இடம் வரும்போது தளரும். இறுகும்போது சக்கரம் பின்னுக்கு இழுக்கும், தளரும்போது விடும். அந்த இழுப்பு, சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் என்ற கம்பி வழியாக ஸ்டியரிங் ரேக்குக்குப் போய் உங்கள் கையில் வந்து சேர்கிறது. தடித்த இடம் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும்போது ஆயிலும் பின்னால் தள்ளப்படும். பெடல் காலுக்கடியில் துடிப்பது அதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. நம் ஊர்ச் சின்னக் கார்களின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் ஓடும். 80 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். அதாவது வினாடிக்குப் பதினோரு சுற்று. டிஸ்க்கில் ஒரே ஒரு தடித்த இடம் இருந்தாலும் வினாடிக்குப் பதினோரு குலுக்கல். வேகம் குறையக் குறையச் சுற்றும் குறையும். 36-க்கு வந்தால் வினாடிக்கு ஐந்துதான். நடுக்கமாகத் தொடங்கியது கடைசியில் ‘தட் தட்’ என்று எண்ணுகிற அளவுக்கு வருவது இதனால்தான். வேகத்தோடு சேர்ந்து இப்படித் துடிப்பும் மெதுவாகிக்கொண்டே வந்தால், சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கை.

தடிமன் வித்தியாசம் எவ்வளவு இருந்தால் கையில் தெரியும்? இதைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். 0.02 மி.மீ. போதும். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 0.07 மி.மீ. இருக்கும். முடியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மேடு, ஒரு டன் எடையுள்ள காரின் ஸ்டியரிங்கைக் குலுக்கிவிடும். அதனால் டிஸ்க்கைக் கண்ணால் பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்றோ, விரலால் தடவி ‘பெண்ட் ஆயிருக்கு’ என்றோ யார் சொன்னாலும் அதை நம்ப முடியாது. அளந்தால்தான் தெரியும்.

ஆட்டத்தை எங்கே உணர்கிறீர்கள் என்பதும் ஒரு தடயம். ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து சீட்டும் பெடலும் துடித்தால் பின் சக்கரத்தைப் பாருங்கள். சின்னக் கார்கள் பலவற்றில் பின்பக்கம் டிஸ்க் கிடையாது, டிரம்தான். டிரம் தன் வட்டத்தை இழந்தால் அதுவும் இப்படித் துடிக்கும். லீவர் வைத்த ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும் என்பதால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆளில்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி எதுவும் வராதபோது, 40 வேகத்தில் லீவரின் நுனிப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல மெல்ல இழுங்கள். பட்டனை விடவே கூடாது. விட்டால் பிரேக் பூட்டிக்கொள்ளும். அப்போது சீட்டில் அதே துடிப்பு வந்தால் கோளாறு பின்னால். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் இதைச் செய்யவே வேண்டாம். மழை ஈரத்திலும் வேண்டாம்.

இப்போது அந்த ‘பெண்ட்’ விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த ஒரு வார்த்தைதான்.

சூட்டில் டிஸ்க் அப்பளம் மாதிரி நெளிந்துவிடுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சாதாரணமாக ஓடும் கார்களில் அப்படி நடப்பது அபூர்வம். நிஜத்தில் நடப்பது இது. டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் சுழலும் நடுப்பகுதிக்கு ஹப் என்று பெயர். டிஸ்க், ஹப்பின் மேல் துளியும் சாயாமல் உட்கார வேண்டும். கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் சுற்றும்போது அதன் விளிம்பு இப்படியும் அப்படியும் அசையும். மெக்கானிக்குகள் இதை வாபிள் என்பார்கள். 0.1 மி.மீ. வாபிள் இருந்தாலும் முதல் நாள் உங்களுக்கு எதுவும் தெரியாது. காலிப்பர், ‘பின்’ எனப்படும் வழுக்குக் கம்பிகளின் மேல் நகரக்கூடியது. டிஸ்க் அசைந்தால் அதுவும் கூடவே அசைந்து கொடுத்துவிடும்.

சிக்கல் நீங்கள் பிரேக் பிடிக்காதபோது நடக்கிறது. காலை எடுத்த பிறகு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளிதான் இருக்கும். சாய்ந்து சுற்றும் டிஸ்க்கின் துருத்திய பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை ஒரு முறை உரசிவிட்டுப் போகும். ஒரே இடம், ஒவ்வொரு சுற்றிலும். ஒரு கி.மீ.க்கு ஐந்நூறு தடவை. சில ஆயிரம் கி.மீ. போனதும் உரசிய இடம் மெலிந்திருக்கும். அப்போதுதான் ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கும். டிஸ்க் மாற்றி ஏழெட்டு மாதம் கழித்து ஆட்டம் திரும்புகிறதே, அந்த ஏழெட்டு மாதமும் தேய்மானம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்த காலம்தான்.

என் கார் விஷயத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். இரண்டு முன் டிஸ்க்கும் பேட்டும் புதிதாகப் போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. திரும்பவும் அதே ஆட்டம். இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். ஐம்பது வயது இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, வீல் நட்டுகளை வாஷரோடு டிஸ்க்கின் மேலேயே போட்டு இறுக்கினார். சக்கரம் இல்லாதபோது டிஸ்க் தளர்வாக இருக்கும், அப்படி அளந்தால் தப்பாகக் காட்டும் என்றார். நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும், காந்த அடி வைத்த டயல் கேஜைப் பக்கத்திலிருந்த ஸ்ட்ரட்டில் (சஸ்பென்ஷன் தூணில்) ஒட்டவைத்து, அதன் ஊசிமுனையை டிஸ்க்கின் வெளி ஓரத்துக்குச் சற்று உள்ளே வைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றினார். முள் பூஜ்ஜியத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து பதின்மூன்றாவது கோட்டுக்குப் போய்த் திரும்பியது. ஒரு கோடு 0.01 மி.மீ. ஆக 0.13. பெரும்பாலான கார்களுக்கு 0.05-லிருந்து 0.1 வரைதான் அனுமதிப்பார்கள்.

“டிஸ்க்கைக் குறை சொல்லாதீங்க தம்பி, அது உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பாருங்க” என்று டிஸ்க்கை உருவினார். ஹப்பின் முகத்தில், போல்ட்டுகளைச் சுற்றி, துரு செதில் செதிலாகப் படிந்திருந்தது. முதலில் டிஸ்க் மாற்றியவர்கள் பழையதைக் கழற்றிப் புதியதை அந்தத் துருவின் மேலேயே மாட்டியிருக்கிறார்கள். கம்பி பிரஷ் போட்டு, போல்ட்டுகளின் அடியில் எமரி பேப்பரை மடித்துத் தேய்த்து, துணியால் துடைத்தார். டிஸ்க்கின் உள்பக்கத்தையும் அப்படியே. ஹப் பளபளவென்று ஆனதும் டிஸ்க்கை மாட்டி மறுபடி அளந்தார். நான்கு கோடு. பிறகு டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஓட்டை தள்ளி, அதாவது கால் சுற்று திருப்பி மாட்டினார். இரண்டு கோடு. ஹப்பின் மிச்சச் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் இடம் அது. பத்து நிமிட வேலை.

ஹப்பில் இருக்கும் துரு சிறியதாகத் தெரிந்தாலும், டிஸ்க்கின் வெளி விளிம்புக்குப் போகும்போது அந்தச் சாய்வு பெருகிவிடும். கதவின் கீல் ஓரத்தில் துளி நகர்ந்தால் கைப்பிடி ஓரத்தில் அதிகம் நகர்வதுபோல. அதனால்தான் ஹப்பைச் சுத்தம் செய்யாமல் டிஸ்க் மாற்றுவது பாதி வேலை என்கிறேன். சுத்தம் செய்த பிறகும் வாபிள் குறையவில்லை என்றால் ஹப்பையே அளக்க வேண்டும். அடி வாங்கிய ஹப்போ, தேய்ந்த வீல் பேரிங்கோ காரணமாக இருக்கலாம்.

டிஸ்க் சாய்ந்து உட்கார இன்னொரு காரணம் நம் கண் முன்னாலேயே நடக்கிறது. பஞ்சர் ஒட்டினாலும் டயர் மாற்றினாலும், காற்று கன்னை வைத்து ‘டர்ர்’ என்று ஒரு நட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். ஒரு பக்கம் மட்டும் முதலில் இறுகினால் டிஸ்க்கின் நடுப்பகுதி அந்தப் பக்கம் இழுபடும். நட்டுகளைக் கையால் முழுக்கச் சுற்றி உட்காரவைத்து, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில். பல சின்னக் கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் காருக்கான அளவு மேனுவலில் இருக்கிறது. டயர் கடைக்குப் போய் வந்த பிறகு ஆட்டம் ஆரம்பித்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். பல நேரம் விடை அங்கேயே இருக்கும்.

சூட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் நெளிவதைவிட, ஒட்டிக்கொள்வதுதான் பிரச்சினை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து கீழ் வரை மூன்றாவது நான்காவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க்கும் பேட்டும் கொதிக்கும். பிறகு அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தி, பிரேக்கை அழுத்தியபடியே இரண்டு நிமிடம் போன் பேசினால், கொதிக்கும் பேட் டிஸ்க்கின் ஓரிடத்திலேயே அழுந்தி நிற்கும். பேட்டின் பொருள் அந்த இடத்தில் லேசாகப் படிந்துவிடும். அதுவும் ஒரு மேடுதான். அந்த இடத்தின் உராய்வும் மற்ற இடத்தைப்போல இருக்காது. மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். அடிவாரம் வந்ததும் இரண்டு மூன்று கி.மீ. பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டினால் காற்றிலேயே ஆறிவிடும். சூடான டிஸ்க்கில் உடனே தண்ணீர் அடிப்பதும் நல்லதல்ல.

ரொம்பச் சூடேறிய டிஸ்க்கில் நீலநிறத் திட்டுகள் தெரியும். அந்த இடங்களில் இரும்பே இறுகிக் கடினமாகியிருக்கலாம். லேத்தில் மேற்பரப்பைச் சீவிக் கடைந்தாலும் கடினமான பகுதி அடியில் இருப்பதால் கொஞ்ச நாளில் மேடு திரும்ப வந்துவிடும். அப்படிப்பட்ட டிஸ்க்கை மாற்றிவிடுவதுதான் சரி.

மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நின்ற காரும் இப்படி ஆடலாம். டிஸ்க் முழுக்க மெல்லிய துரு பிடிப்பது சகஜம். நாலு பிரேக்கில் போய்விடும். ஆனால் பேட் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம் தேங்கி, பேட்டின் வடிவத்திலேயே ஒரு தழும்பு விழும். கடலோர ஊர்களிலும், வெள்ளத்தில் நின்ற கார்களிலும் இது அதிகம். சில நாள் ஓட்டியும் போகவில்லை என்றால் கடைய வேண்டியதுதான்.

அடுத்து காலிப்பர். அது நகர வேண்டிய பின்களில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாது. அந்தச் சக்கரம் மட்டும் சூடாகும். பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்தி, ரிம்மைத் தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். இடது, வலது சூட்டில் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, கருகிய வாசனை வந்தாலோ, பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ காலிப்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே சக்கரத்தில் உள்பேட் தேய்ந்து வெளிபேட் தடியாக இருப்பதும் இதன் அடையாளம்.

சில கார்களில் டிஸ்க்கில் இருக்கும் கோளாறு கொஞ்சம்தான், ஆனால் ஸ்டியரிங் பயங்கரமாக ஆடும். அங்கே சக்கரத்தை வண்டியோடும் ஸ்டியரிங்கோடும் இணைக்கும் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிறிய துடிப்பை விழுங்கிக்கொள்ள வேண்டிய ரப்பர் கிழிந்துவிட்டால், அது அப்படியே பெருகி மேலே வரும். ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட்டின் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். லோயர் ஆர்ம் புஷ்ஷைக் கடப்பாரை வைத்து நெம்பிப் பார்ப்பார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

புதிதாக ஓட்டுபவர்கள் பயந்துபோய்க் கேட்கும் ஒன்று: திடீரென்று அழுத்திப் பிடித்தபோது பெடல் ‘டரடர’ என்று காலை உதைத்தது, கோளாறா? அது ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பிரேக்கை வினாடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதுக் கார்களில் இது கட்டாயம். மணலிலோ மழையிலோ, அவசர பிரேக்கில் மட்டும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருங்கள். சாதாரணமாக மெதுவாகப் பிடிக்கும்போதே வந்தால்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டம் மட்டும் என்றால் ஒர்க்‌ஷாப் வரை நிதானமாக ஓட்டிப் போகலாம். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, இரும்பு இரும்பை உரசும் சத்தம் வந்தாலோ, பிரேக் பிடிக்காதபோதும் சக்கரம் ஆடினாலோ ஓரமாக நிறுத்திவிடுங்கள். கடைசியாகச் சொன்னதில் முதலில் பார்க்க வேண்டியது வீல் நட். தளர்ந்த நட்டோடு ஓட்டினால் சக்கரமே கழன்றுவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் டிஸ்க்கை மாற்றச் சொல்லும் முன் இரண்டு அளவு கேளுங்கள். ஒன்று, டயல் கேஜில் வாபிள் எவ்வளவு. இன்னொன்று, மைக்ரோமீட்டரில் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் தடிமன் எவ்வளவு. ஒரு டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்பதை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். புதிதாக 22 மி.மீ. இருந்தது 20-க்குக் கீழே போகக் கூடாது என்பதுபோல. கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேலே மிஞ்சும் என்றால் கடைந்து போடலாம். என் காரில் அப்படித்தான் செய்தார். புது டிஸ்க் வாங்கவில்லை. மிஞ்சாது என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. கடைந்தாலும் மாற்றினாலும் ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். மாட்டிய பிறகு வாபிளை மறுபடி அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

புது டிஸ்க், புது பேட் போட்டதும் அவை ஒன்றோடொன்று பழக வேண்டும். காலி சாலையில் 60 வரை போய், மிதமாகப் பிரேக் பிடித்து 15-க்குக் கொண்டுவாருங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம். மறுபடி வேகமெடுத்து, நடுவில் அரை நிமிடம் ஆற விட்டு, மறுபடி பிடியுங்கள். பத்து தடவை போதும். கடைசியில் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். வீடு வந்ததும் சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். சூடு ஆறும் வரை ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டாம். பேட்டிலிருந்து கருகிய வாசனை கொஞ்சம் வரும். மறுநாள் இருக்காது.